ஆர்லோ பென்ட்ரியின் மத்தியானத் தூக்கம்

ஆர்லோ பென்ட்ரிக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று நாடு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. ஒஹாயோவிலிருந்து ஒரு அம்மாள் அவருக்கு நீலக் கம்பளியில் கழுத்துத் துண்டு பின்னி அனுப்பியிருந்தாள். நட்சத்திரங்களுக்கு நடுவில் தன்னந்தனியாகத் திரிகிறவருக்குக் குளிருமே என்று அவளுக்குக் கவலை. அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு என் புருஷன் லோவெல் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து பொரித்த முட்டை தின்பான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த அம்மாள் உருகி உருகிப் படித்த கதையில் சரிபாதி என்னுடையது, துண்டில் மட்டும் எனக்குப் பங்கு கிடையாது.

ஆர்லோ பென்ட்ரி என்று ஒரு ஆளே இல்லை. லோவெல் ஹாஸ்கெட் ஒரு பாதி, வெர்னா ஹாஸ்கெட்டாகிய நான் மறு பாதி. அட்டையில் பச்சை அரக்கன் ஒருவன் மயங்கிய பெண்ணைத் தூக்கிக்கொண்டு நிற்பானே, அந்த மாதிரி மாதப் பத்திரிகைகளில்தான் நாங்கள் எழுதினோம். வேற்றுக் கிரகம், விண்கலம், காலத்தில் பின்னால் போய் மாட்டிக்கொண்டவன் என்று கதைகள். இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் போட்டால் சமையல் புத்தகம் மாதிரி இருக்கும் என்றான் லோவெல். ஆர்லோ என்பது என் மாமா வளர்த்த கோவேறு கழுதையின் பெயர். பென்ட்ரி சும்மா வாயில் வந்தது. கழுதையின் பெயரை வைத்த ராசியோ என்னவோ, அந்த மனுஷர் நன்றாகவே உழைத்தார்.

ஆரம்பத்தில் ஒரே கதையை இரண்டு பேரும் சேர்ந்து எழுதப் பார்த்து எலியும் பூனையுமாகச் சண்டை போட்டிருக்கிறோம். நான் எழுதியதை அவன் அடிப்பான், அவன் எழுதியதை நான் கிழிப்பேன். அப்புறம்தான் மத்தியான ஏற்பாடு வந்தது. கயூக்கஸ் என்ற கடலோரச் சிற்றூரில் எங்கள் வீட்டின் பின்பக்க வராந்தாவில் இரண்டு கித்தான் கட்டில். சாப்பிட்டு முடித்ததும் படுத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குக் கடலிலிருந்து மூடுபனி மெதுவாக ஏறி வரும். முதலில் வேலி காணாமல் போகும், பிறகு எலுமிச்சை மரம், பிறகு வராந்தாப் படி. தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு இடம் இருக்கிறதே, உடம்பு கட்டிலில் கிடக்கும், ஆள் எங்கோ இருப்பாள், அந்த இடத்துக்குப் போய் அங்கே கண்டதைக் கண்ணைத் திறக்காமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு நாள் நான், மறுநாள் அவன்.

சொன்னவர் எழுதக் கூடாது. கேட்டவர்தான் எழுத வேண்டும். இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். நடுவில் கேள்வி கேட்கக் கூடாது. கட்டிலில் சொன்னதை மறுத்தும் பேசக் கூடாது. அவன் கனவு என் விரலில் இறங்கும், என் கனவு அவன் விரலில் இறங்கும். தாளில் வந்து நிற்கிறபோது அது அவனுடையதாகவும் இருக்காது, என்னுடையதாகவும் இருக்காது, ஆர்லோவுடையதாக இருக்கும். சண்டை போட ஆளே இல்லாமல் போய்விட்டது. சும்மா சொல்லக் கூடாது, அந்த வருஷங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

லோவெல் சொன்ன கனவுகளில் ஒன்று இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மேகத்துக்குள் ஒரு பழத்தோட்டம். அங்கே பழுத்த பழம் கீழே விழாது, மேலே போகும். பறிக்கிறவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஏணியில் நிற்பார்கள். ஒரு பெண் கல்லை அவிழ்த்துவிட்டுப் பழத்தோடு சேர்ந்து மேலே போவாள். அவள் எங்கே போனாள் என்று அவன் சொல்லவில்லை, குறட்டை விட்டுவிட்டான். மீதியை நான் என் இஷ்டத்துக்கு எழுதினேன். படித்துவிட்டு, "அடிப்பாவி, நான் பாத்தது இதேதான்" என்று சொன்னான்.

யுத்த காலத்தில் லோவெல் சான் பெட்ரோவில் கப்பல் கட்டுகிற இடத்தில் இரும்புத் தகடுகளில் ஆணி அறைந்துகொண்டிருந்தான். யுத்தம் முடிந்ததும் இந்த ஊருக்கு வந்தோம். வந்து கொஞ்ச காலம் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. கடைசி ஒரு வருஷத்தில்தான் அவன் மாறிப்போனான்.

முதலில் கட்டிலை விட்டான். நான் சொல்கிற நாட்களில் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவன், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார ஆரம்பித்தான். கண்ணைத் திறந்தால் வைத்தியர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். "ஏன் இப்படி மொறச்சுப் பாக்கற?" என்றால், "அழகா இருக்க, பாக்கறேன்" என்பான். முதல் மாதம் எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாம் மாதம் சந்தேகமாக இருந்தது.

அடுத்து அவன் தட்டச்சு கெட்டுப்போனது. எங்களிடம் இருந்தது பழைய மிஷின். வரி முடியப்போகிறது என்றால் டிங் என்று மணி அடிக்கும். அப்போது தாள் சுற்றிய உருளையைக் கையால் தள்ளி அடுத்த வரிக்கு வர வேண்டும். தள்ளாவிட்டால் எழுத்தெல்லாம் வலது ஓரத்தில் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கறுப்பு மொத்தையாகிவிடும். அவன் தாள்களில் ஓரமெல்லாம் கறுப்பு மொத்தை. பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் நான் உட்கார்ந்து திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. "ஏம்ப்பா, மணி அடிக்கறது அய்யா காதுல விழலியோ? இல்ல, பெரிய எழுத்தாளராயிட்டதால ஓரமெல்லாம் பாக்கறதில்லியா?" என்று கேட்டால் சிரிப்பான். அவன் சிரிப்பு நல்ல சிரிப்பு. அதில் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது கதை விஷயத்தில். நான் ஒன்று சொன்னால் அவன் வேறொன்று எழுதினான். ஒரு நாள் நான் கண்டது தண்ணீரே இல்லாத சமவெளி. அங்கே வீடெல்லாம் படகு. சாயங்காலமானால் வீட்டுக்காரர்கள் வந்து ஆளுக்கொரு கயிற்றை எடுத்துப் படகை மரத்தில் கட்டிவிட்டுப் படுப்பார்கள். அவர்களில் ஒருத்தரும் கடலைப் பார்த்ததில்லை, பாட்டன் பூட்டனும் பார்த்ததில்லை. ஆனாலும் கட்டாமல் படுத்தால் தூக்கம் வராது. சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு ஆடுகிற மாதிரி இருந்தது. மறுநாள் அவன் எழுதியதை எடுத்துப் பார்த்தால் இருட்டான ஒரு நட்சத்திரம், செங்குத்தான பாறை, அதன் உச்சியில் விளக்குக் காவல்காரர்கள். கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே அவர்கள் விளக்கைக் கயிற்றில் கட்டிப் பள்ளத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என் படகெல்லாம் எங்க?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். "எந்தப் படகு?"

"நேத்து கரடியாக் கத்தினேனே. தண்ணி இல்லாத ஊரு, வீடெல்லாம் படகுன்னு."

"ஓ... அதுவா. அத அடுத்த கதைக்கு வெச்சிருக்கேன்."

"வெச்சிருக்கியா? அது என்ன நேத்து மிஞ்சின சூப்பா, மூடி வெக்கறதுக்கு? சொன்னத எழுதணும், அதான சட்டம்?"

"இது நல்லா இல்லியா, வெர்னா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நல்லா இல்லை என்று சொல்ல முடியவில்லை. அந்த விளக்கு கீழே போகப் போக என் கை அடுத்த தாளைத் தேடியது. அவன் கனவுகளை நான் ஒரு சொல் பிசகாமல் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் என் கனவுகளைக் குப்பையில் போட்டுவிட்டு அவற்றைவிட நன்றாக எழுதிக்கொண்டிருந்தான். பொறாமையா என்றால் ஆமாம், பொறாமைதான். அதைவிடப் பெரிதாக ஒரு பயமும் இருந்தது. இந்த மனுஷனுக்கு நான் எதற்கு என்ற பயம்.

எங்கள் வீட்டுக்கு எதிரே மிஸஸ் பியாங்கியின் மளிகைக் கடை. ஊர் பஸ்ஸும் அங்கேதான் நிற்கும், தொலைபேசியும் அங்கேதான். நியூயார்க்கிலிருந்து பத்திரிகை ஆசிரியர் ப்ளாஸ்டீன் கூப்பிட்டால் அந்த அம்மாள் வாசலில் வந்து நின்று துடைப்பத்தை ஆட்டுவாள். முன்பெல்லாம் லோவெல்தான் ஓடிப்போய் ஆர்லோவாகப் பேசுவான், கட்டைக் குரலில். ஒரு வருஷமாக, "நீ போய்ப் பேசு, ஆர்லோவோட காரியதரிசின்னு சொல்லு" என்று என்னை அனுப்ப ஆரம்பித்திருந்தான். தலைக்கனம் ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

அன்றைக்கும் நான்தான் போனேன்.

"மிஸ்டர் பென்ட்ரி இருக்காராம்மா?" என்றார் ப்ளாஸ்டீன்.

"வெளியூர் போயிருக்காருங்க."

"எப்பக் கூப்பிட்டாலும் வெளியூர்தானா அந்த மனுஷன்? சரி, நீங்களே சொல்லிடுங்க. இந்த ஒரு வருஷக் கதையெல்லாம் பிரமாதம்! முன்னாடி அவர் எழுத்துல ஒரு தூக்கக் கலக்கம் இருக்கும். ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஒளர்ற மாதிரி. இப்பத்தான் மனுஷன் தன் சொந்தக் குரல்ல பேசறாரு. இத அப்படியே விட்டுடாமப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

"சொல்றேங்க."

"நல்லா தட்டச்சு பண்றீங்கம்மா நீங்க. ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு."

ரிசீவரை வைத்துவிட்டு நின்றேன். மிஸஸ் பியாங்கி, "என்ன வெர்னா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகாமல் கடற்கரைப் பக்கம் நடந்தேன். பனிக்குள் கூழைக்கடாக்கள் வரிசையாகத் தாழப் பறந்து போய்க்கொண்டிருந்தன. உளறல். என் பாதிக்குப் பெயர் உளறல். அது போனதால் கதை நன்றாக ஆகிவிட்டது. பொய்க்குக் காரியதரிசி என்று சொல்லிக்கொண்டு போனவள் நிஜமாகவே காரியதரிசியாகிவிட்டேன். அழுதேன். அழுகிறவளைப் பார்க்க அங்கே யாரும் இல்லை என்பது ஒரு வசதி.

வீட்டில் உட்கார்த்திவைத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பான், நான் குழைந்துவிடுவேன். அவன் சிரித்து மழுப்ப முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கட்டில். அங்கே சொன்னதற்குக் கேள்வியும் கிடையாது மறுப்பும் கிடையாது. வேறு எந்த வீட்டிலாவது பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போவதைக் கனவு மாதிரி படுத்துக்கொண்டு சொல்வாளா? நாங்கள் அப்படிப்பட்ட ஜன்மங்கள்.

மறுநாள் என் முறை. பனி வேலியைத் தாண்டி எலுமிச்சை மரத்துக்கு வந்திருந்தது. படுத்துக் கண்ணை மூடினேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"ஒரு பொம்பள," என்றேன். "கடலோரத்து ஊர்ல இருக்கா. நாளைக்குக் காலைல பஸ் ஏறிப் போறா. ஃப்ரெஸ்னோல அவ அக்கா இருக்கா. போறா. திரும்பி வரமாட்டா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவன் பார்க்கக் கூடாது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிக்கொண்டு மீதியைச் சொன்னேன்.

"அவன் ஒரே ஒரு தடவ, போகாதேன்னு வாயத் தொறந்து சொன்னான்னா, பெட்டியப் பிரிச்சுடுவா. அவ ஒண்ணும் அவ்வளவு ரோஷக்காரி இல்ல. அந்த மனுஷன் இல்லாம அவளுக்கு ஒரு எடமும் எடமா இருக்காது. ஆனா அவன் சொல்லணும். சும்மா சிரிச்சுட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

காத்திருந்தேன். பனி காலில் ஏறியது. நாற்காலி கிறீச்சிட்டது. அவன் எழுந்து உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் தட்டச்சு மிஷின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அட மகாபாவி என்று நினைத்தேன். இதையும் கதையாக எடுத்துக்கொண்டுவிட்டானே! என் நெஞ்சைப் பிளந்து காட்டினால் அதிலும் ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு போய்விட்டானே! சாயங்காலம் சிப்பி சூப் வைத்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தான். கடைசியில், "நாளைக்குக் காலைல டீ நான் போடறேன், வெர்னா" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் சூப் சட்டியை அப்படியே கவிழ்த்திருப்பேன். தேய்த்துக் கழுவுவது நான்தானே என்று விட்டேன்.

காலையில் பெட்டியோடு அறையை விட்டு வந்தேன். சமையலறை மேஜையில் அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தான். அந்த நீலத் துண்டு கழுத்தில். அடுப்பில் கெட்டில் கொதித்து ஊரைக் கூட்டுகிற மாதிரி விசில் அடித்துக்கொண்டிருந்தது. நல்ல டீ போடுகிற லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன்.

"லோவெல், நான் கெளம்பறேன்."

தட்டிக்கொண்டே இருந்தான்.

"லோவெல்."

மிஷினில் மணி அடித்தது. டிங். அவன் தள்ளவில்லை. விரல் போய்க்கொண்டே இருந்தது. ஒரே இடத்தில் டக் டக் டக் என்று எழுத்தின் மேல் எழுத்தாக விழுந்தது. குனிந்து தாளைப் பார்த்தான், அப்புறம்தான் தள்ளினான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? கூப்பிடறேன், திரும்பக்கூட முடியலியா? இத்தன வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தினதுக்கு இதானா? கெட்டில் கத்துது, நான் கத்தறேன், கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, காது செவிடாயிடுச்சா உனக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

கெட்டில் அலறியது. மணி மறுபடி அடித்தது. எழுத்து மறுபடி ஓரத்தில் குவிந்தது. நாற்காலி, தொலைபேசி, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன. புருஷன்காரன் காதில் விழவில்லை என்றால் எந்தப் பெண்டாட்டி வைத்தியரிடம் ஓடுகிறாள்? எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

பெட்டியை மெதுவாக வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். என் நிழல் தாள் மேல் விழுந்ததும் அவன் திரும்பினான். முதலில் பெட்டியைப் பார்த்தான். பிறகு என் வாயைப் பார்த்தான்.

நான் கையால் வாயை மூடிக்கொண்டு, "என் பேரு என்ன?" என்று கேட்டேன்.

அவன் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இறக்கினான். "கைய எடு, வெர்னா. மூடிட்டா எனக்குத் தெரியாது."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "எப்போலேர்ந்து?"

"கப்பல் கட்டறப்பவே ஆரம்பிச்சாச்சு. அந்தச் சத்தத்துல யாருக்குத்தான் காது நின்னுது? போன வசந்தத்துல பூராவும் போயிடுச்சு. ஒரு நாள் காலைல எந்திரிச்சேன், கடல் இல்ல. சன்னல்ல பாத்தா இருக்கு, காதுல இல்ல."

"ஏன்டா சொல்லல? ஏன் சொல்லல நீ?"

"என்னன்னு சொல்றது? கேக்கறவங்கதான் எழுதணும். கேக்கவே முடியாதவன் என்ன பண்ணுவான்? ஆர்லோ அன்னிக்கே செத்திருப்பான். நீ தனியா எழுதப் போயிருப்ப. உன்னால முடியும், நீ நல்லா எழுதுவ. உனக்கு நான் எதுக்கு?"

எனக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. ஒரே பயத்தை ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் வைத்துக்கொண்டு சூப் குடித்திருக்கிறோம்.

"அதனால என் கனவயெல்லாம் தூக்கிக் கடாசிட்ட."

"கடாசல. கெடைக்கல." அவன் குரலைத் தணித்துக்கொண்டான். தன் சத்தம் எவ்வளவு என்று தெரியாததால் ஒரு வருஷமாகவே அப்படித் தணித்துத்தான் பேசிக்கொண்டிருந்தான், அதையும் நான் திமிர் என்று நினைத்திருந்தேன். "கண்ண மூடிட்டு நீ முணுமுணுப்ப. நான் உதட்டப் பாத்துட்டே இருப்பேன். அத்தனையிலயும் ஒரு வார்த்ததான் கெடைக்கும். அன்னிக்குக் கயிறுன்னு ஒண்ணு கெடச்சுது. கயித்துல எதக் கட்டறதுன்னு தெரியல. வெளக்கக் கட்டினேன். எல்லாக் கதையும் அப்படித்தான். உன் வார்த்த ஒண்ணு இல்லாம ஒரு கதையும் எழுதினதில்ல."

நான் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து நீ சொன்னது கொஞ்சம் தெரிஞ்சுது," என்றான். "ஃப்ரெஸ்னோ. போறா. அத ரெண்டு தடவ சொன்ன."

"தெரிஞ்சுமா உள்ள போய் உக்காந்து தட்டிட்டிருந்த?"

"வேற எப்படிப் பேசறதுன்னு தெரியல." மேஜையிலிருந்த தாள்களை எடுத்துக் கொடுத்தான். "சட்டத்த மீறிட்டேன். இது என் கனவு, நானே எழுதிட்டேன்."

வாங்கிப் படித்தேன். எங்கோ தூரத்து நிலா ஒன்றில் ஒற்றை ஆளாக ஒரு காவல்காரன். கடந்து போகிற கப்பலிலிருந்து ஒரு பெண் தினமும் வானொலியில் அவனோடு பேசுவாள். ஒரு நாள் ஒலிபெருக்கி செத்துப்போகிறது. கருவியில் ஒலியை அளந்து காட்டுகிற முள் மட்டும் ஆடுகிறது. முள் ஆடினால் அவள் பேசுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். கருவி கெட்டுவிட்டது என்று மேலிடத்தில் சொன்னால் அவனை இறக்கிவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதனால் சொல்லவில்லை. முள் ஆடும்போதெல்லாம் அதற்கு முன்னால் உட்கார்ந்து, அவள் இதைத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்து நினைத்து எழுதிவைக்கிறான். கப்பல் விலகிப் போகப் போக முள் ஆட்டம் குறைகிறது. அதன் பிறகு ஓரமெல்லாம் கறுப்பு மொத்தையாக இருந்தது, என் கண்ணும் கலங்கிவிட்டது, படிக்க முடியவில்லை.

வெளியே பஸ் வந்து நின்று ஒலி எழுப்பியது. நான் சன்னல் பக்கம் திரும்பினேன். நான் திரும்பியதைப் பார்த்து அவனும் திரும்பினான், பஸ்ஸைப் பார்த்தான். முகம் சாம்பலாகிவிட்டது.

"வெர்னா, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. நேத்து சுவத்துப் பக்கம் திரும்பிட்டு என்னமோ சொன்ன. ரொம்ப நேரம் சொன்ன. தோளு குலுங்கிச்சு. அது என்னன்னு எனக்குத் தெரியல. ராத்திரி பூரா யோசிச்சேன், ஒண்ணும் பிடிபடல. என்ன சொன்ன?"

ஒரு நிமிஷம் எனக்குள் இருந்த பழைய வெர்னா தலையைத் தூக்கினாள். நீயே கண்டுபிடித்துக்கொள் என்று சொல்லச் சொன்னாள். அவளை உட்காரச் சொன்னேன். எழுந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினேன்.

"அவன் ஒரே ஒரு தடவ," என்றேன். நிறுத்தினேன். அவன் கண் என் உதட்டை விட்டு அசையவில்லை. "போகாதேன்னு சொன்னான்னா, அவ போகமாட்டா."

அவன் உதடு என் உதட்டைத் தொடர்ந்து அசைந்தது, பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி. ஒவ்வொரு வார்த்தையாக அவனுக்குள் போவதை நான் பார்த்தேன். கடைசி வார்த்தை போய்ச் சேர்ந்ததும், ஒரு வருஷமாக அளந்து அளந்து பேசியவன் அளவையெல்லாம் மறந்துவிட்டான்.

"போகாதே!" என்று கத்தினான். "போகாதே, வெர்னா! போகாதே!"

கூரையில் உட்கார்ந்திருந்த கடற்பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. எதிர்க்கடையிலிருந்து மிஸஸ் பியாங்கி துடைப்பத்தோடு தெருவுக்கு ஓடிவந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று அலறினாள். பஸ்காரன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் வீட்டையே பார்த்தான். நான் லோவெலின் கழுத்துத் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சன்னல் வழியாகக் கையை ஆட்டிப் பஸ்காரனைப் போகச் சொன்னேன்.